சிவாவுக்காகவே ரயில் சட்டம் போட்டார்களா?

பாலக்கோடு வாத்தியார்:
ஜூலை 23 விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவு நாள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அன்றைக்குப் பேசுகிறாள். பேச்சை எழுதிக் கொடுத்தது நான்தான். அதில் இந்த வரிகள் வருகின்றன: "வெள்ளைக்காரன் சிறையில் வைத்து அவருக்கு ஊசியில் தொழுநோயை ஏற்றினான். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசிவிடுவார் என்று பயந்து, தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாதென்று அவருக்காகவே புதுச் சட்டம் போட்டான். அவரோ நாடு முழுக்கக் கால்நடையாகவே நடந்து, பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயிலைக் கட்டி முடித்துவிட்டுக் கண்ணை மூடினார்." ஒத்திகையில் பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். தலைமையாசிரியர் மட்டும், "இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கா சார்?" என்று கேட்டார். நான் சின்ன வயதில் மேடையில் கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான். நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாய்:
வாத்தியாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லா வரியிலும் கோளாறு இருக்கிறது.

முதலில் சட்டம். தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்கலாம் என்று ரயில் நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுத்தது 1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம், 71-ஆம் பிரிவு. சிவா பிறந்தது 1884 அக்டோபரில். சட்டம் வந்தபோது அவர் வத்தலக்குண்டில் ஐந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பயந்தா சட்டம் போட்டிருப்பார்கள்? 1898-இல் தொழுநோயாளர் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது. வாடகைக்கு ஓடும் பொது வண்டிகளில் அவர்கள் ஏறுவதை அரசு தடுக்கலாம் என்றது அது. அதிலும் ரயில் பெட்டியை விலக்கித்தான் வைத்தார்கள்.

அடுத்தது கோயில். 1923-இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூன் 16-இல் தாஸ் இறந்துபோனார், ஜூலை 23-இல் சிவாவும் போய்விட்டார். கோயில் எழும்பவே இல்லை. இப்போது அங்கே நிற்கும் நினைவாலயம் எத்தனையோ வருடம் கழித்து அரசு கட்டியது. "கட்டி முடித்துவிட்டு" என்று சொன்னால் அந்த மனிதர் எதை நினைத்து ஏங்கிக்கொண்டே செத்தார் என்பதே மறைந்துவிடுகிறது.

பென்னாகரத்தான்:
வந்துவிட்டார் ஆதாரக்காரர்! வெள்ளைக்காரன் அச்சடித்த சட்டப் புத்தகம் உங்களுக்கு வேதம், எங்கள் பாட்டன் பாட்டி சொன்னது கட்டுக்கதை, அப்படித்தானே? பாப்பாரப்பட்டிப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். அவரை ரயிலில் ஏற்றவில்லை என்று சொல்லாத கிழவர் கிடையாது. படிப்பில்லாத சனம் எங்கே போய் எழுதி வைக்கும்? வாயில்தான் வைத்திருக்கும். இப்படியே போனால் நாளைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனிக்கும் ரசீது கேட்பீர்கள்.

தொப்பூர் கணவாய்:
அதற்கு ரசீது இருக்கிறது தம்பி. வாங்கிய ஔவையாரே பாடி வைத்திருக்கிறார், புறநானூறு 91. நம் பள்ளி நாடகத்தில் நரைத்த முடியும் ஊன்றுகோலுமாக ஒரு பாட்டி வந்து வாங்குவதுதான் பாட்டில் இல்லை. ஆத்திசூடி எழுதிய பிற்கால ஔவையை இழுத்து வந்து சங்க காலத்துத் தகடூரில், அதாவது நம் தருமபுரியில், நிறுத்திவிட்டோம்.

அவரை ஏற்றவில்லை என்று கிழவர்கள் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. "அவருக்காகவே சட்டம்" என்ற ஒட்டைத்தான் பிய்க்கிறேன். அது பாட்டன் சொன்னதா, பிறகு மேடையில் யாரோ சேர்த்ததா? மேடைக்காரர்களுக்குச் சங்கதி எப்போதும் கொஞ்சம் பற்றாது. வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டு விதித்தார் நீதிபதி பின்ஹே என்பது உண்மை. மேல்முறையீட்டில் குறைந்து 1912 கடைசியில் வெளியே வந்தார் என்பதும் உண்மை. ஃப்ளெக்ஸில் மட்டும் "நாற்பது ஆண்டு சிறையில் வாடிய" என்று போடுகிறார்கள். 1908-இல் உள்ளே போனவர் அப்படியானால் சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும், 1936-லேயே காலமாகிவிட்டார்! சிவாவுக்கும் பத்து ஆண்டு விதித்தது ஆறாகக் குறைந்தது, அவரும் 1912-இல் விடுதலை.

காரிமங்கலம் அக்கா:
சட்டத்தை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி விஷயத்தை நான் சொல்கிறேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தொழுநோய்த் திட்டத்தில் வீடு வீடாகப் போயிருக்கிறேன்.

இது ஒரு கிருமியால் வருவது. 1873-இல் ஹான்சன் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கி இருந்தால், மூச்சு வழியாகத் தொற்றலாம். ஒட்டினாலும் உடனே தெரியாது. சராசரியாக ஐந்து வருடம் ஆகும், இருபது வருடம் கழித்துத் தெரிந்தவர்களும் உண்டு. அதனால் சிறையில்தான் ஒட்டியது என்று சத்தியம் செய்ய முடியாது, ஒட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆட்டு மயிர் அடிக்கச் சொன்னதால் வந்தது என்றும் ஒரு கதை ஓடுகிறது. மயிரிலிருந்து இந்த நோய் வராது. ஆனால் நெரிசலும் அரைவயிறும் கடுவேலையுமாக இருக்கும் உடம்பை எந்த நோயும் சீக்கிரம் சாய்க்கும். சிறைக்காரன்மேல் பழி போட அது போதாதா? ஊசி எதற்கு?

ஊசிக் கதை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், "யாரோ செய்து வைத்த தீம்பு" என்ற எண்ணம் நோயாளி வீட்டிலும் இருக்கும். தேமல் மாதிரி உணர்ச்சியில்லாத ஒரு படை வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வராமல் மந்திரிக்கப் போவார்கள். வருவதற்குள் விரல் மடங்கியிருக்கும். இத்தனைக்கும் ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அந்த எட்டாம் வகுப்பு வகுப்பறையிலேயே ஒரு பிள்ளையின் தாத்தாவுக்கு அது இருந்திருக்கலாம், வாத்தியாரே. அதையும் யோசியுங்கள்.

பென்னாகரத்தான்:
அக்கா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஊசியை எடுத்துவிடுங்கள்.

ஆனால் தொப்பூர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. 1890-லேயே சட்டம் இருந்தது, சரி. அந்தக் காலத்தில் கோயில் குளம் என்று நோயாளிகள் ரயிலில் போகவே இல்லையா? டிக்கெட் எடுத்த ஒவ்வொருவரின் கையையும் காலையும் பார்த்தா ஏற்றினான்? இவரை மட்டும் ஏன் தடுத்தான்? நீங்களே எழுதியதைப் படியுங்கள்: "மறுக்கலாம்." மறுக்க வேண்டும் என்று இல்லை. அந்த "லாம்" யார் கையில் இருந்தது?

தொப்பூர் கணவாய்:
நல்ல கேள்வி. இதை நான் யோசிக்கவில்லை.

ஆமாம், அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை, விட்டுக்கொடுத்தும் போகலாம். அதனால் "புதுச் சட்டம் போட்டான்" என்பது தவறு. "கிடந்த சட்டத்தை எடுத்து அவர்மேல் வீசினான்" என்று நீங்கள் வாதாடினால் என்னால் மறுக்க முடியாது. எனக்கு இதுதான் இன்னும் மோசமாகப் படுகிறது. புதுச் சட்டம் என்றால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே புத்தகத்தில் கிடப்பதற்கு எவன் கேட்பான்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் போய் நாமே எழுதிய 1989 ரயில்வே சட்டத்திலும், 56-ஆம் பிரிவில், இந்த மறுக்கும் அதிகாரம் வேறு சொற்களில் உட்கார்ந்திருக்கிறது.

காரிமங்கலம் அக்கா:
அதே ரயில்வேதான் தொற்று நீங்கிய தொழுநோயாளிகளுக்கு டிக்கெட்டில் 75 சதவீதம் சலுகையும் தருகிறது. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

மொரப்பூர் சந்திப்பு:
நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும், ரயில் என்றதும் வந்துவிட்டேன். சிவா காலத்தில் தருமபுரிக்கு மொரப்பூரிலிருந்து சின்ன ரயில் ஓடியது. 1906-இல் வந்தது, பிறகு ஓசூர் வரை நீண்டது, 1941-இல் நிறுத்தி எடுத்துவிட்டார்கள். நம் மண்ணில் ரயிலே இல்லாததால் நடந்தார் என்று யாராவது கிளப்பினால் அதையும் நம்பாதீர்கள். ரயில் இருந்தது, அவருக்கு இல்லை.

பென்னாகரத்தான்:
இதை எழுதுங்கள் வாத்தியாரே! கைதட்டல் தானாக வரும்.

தொப்பூர் கணவாய்:
நடந்தது பற்றி இன்னும் பேசவில்லை. நாடு முழுக்க நடந்தார் என்பது எப்படி? கட்டை வண்டி இல்லாத ஊரா? அவரை நேசித்தவர்கள் வண்டி பூட்டாமலா விட்டிருப்பார்கள்?

காரிமங்கலம் அக்கா:
மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆழமாகப் போகும். அந்தக் காலோடு பத்து மைல் நடந்திருந்தாலே எனக்குப் பெரிது.

பென்னாகரத்தான்:
வண்டியும் ஏறியிருப்பார், நடந்தும் இருப்பார். நடந்ததை மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன். அதற்கு ரசீது கேட்காதீர்கள்.

பாலக்கோடு வாத்தியார்:
நேற்று இரவு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். ஊசி போயிற்று. "அடிக்கல்லோடு நின்ற கோயில்" என்று வந்தது. சட்டத்துக்கு 1890 என்று ஆண்டு போட்டு, "மறுக்கலாம் என்றுதான் இருந்தது, மறுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறேன். நடை விஷயத்தில் "வண்டியிலும் கால்நடையாகவும்" என்று போட்டிருக்கிறேன், இரண்டு பேரும் திட்டுங்கள்.

இன்று காலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்படின்னா டிக்கெட் கொடுக்கிறவர் நினைச்சிருந்தா ஏத்தியிருக்கலாமா சார்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.