மோட்டார் ஹோம் ஹெட்லைட்: பல்பை மாற்றுவதா, வயரிங்கைச் சீர் செய்வதா?

காட்பாடி_பயணி:

அனைவருக்கும் வணக்கம். பயணிகள் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மோட்டார் ஹோமாக மாற்றி, பதிவுச் சான்றிதழிலும் அதை முறைப்படி பதிந்து வைத்திருக்கிறோம். பகல் பயணத்தில் ஒரு குறையும் இல்லை, இரவில்தான் சிக்கல். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிப் போகும்போது முன்னும் பின்னும் வரும் வண்டிகளின் வெளிச்சத்திலேயே ஓட்டிவிட முடிகிறது. ஆனால் வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து செல்லும் கரும்பு டிராக்டர் மிகவும் நெருங்கிய பிறகே கண்ணில் படுகிறது. எங்களுக்கு வெளிச்சம் இப்படிப் போதாமல் இருக்க, எதிரே வருபவர்களோ நாங்கள் டிம்மில் வரும்போதுகூட லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். இரண்டும் எப்படி ஒரே வண்டியில் சேர்ந்து வரும் என்பது எனக்குப் புரியவில்லை.

வண்டி 12 வோல்ட். பல்பு எச்4, 60/55 வாட்; அதாவது ஒரே பல்பில் இரண்டு இழைகள், பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், வீட்டு உபயோகத்துக்கான இரண்டு பேட்டரிகளும் பின் அச்சுக்குப் பின்னால் உள்ளன. கடைக்காரர் ஒருவர் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் எல்.இ.டி. பல்பை மாட்டினால் பகலாகிவிடும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலாற்றங்கரை:

தம்பி, பல்புக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். லாரி, பஸ் வயரிங்கிலேயே என் காலம் கழிந்திருக்கிறது. மங்கலான ஹெட்லைட் என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பல்பின் மீது குற்றம் இருப்பதில்லை, பல்புக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தில்தான் குறை இருக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டருக்குப் பின்னாலிருந்து ஊசிமுனையை நுழைத்து, பல்பின் காலில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் மின்னோட்டம் இருக்காது. அப்போது மீட்டர் நல்ல அளவையே காட்டி ஏமாற்றிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றரை, இரண்டு வோல்ட் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமோ அதற்கு மேலோ வயரிலேயே போய்விட்டது என்று பொருள். ஹாலஜன் பல்பின் இயல்பு அப்படி: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் விழுந்துவிடும்.

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு மெல்லிய வயரில் முன்னால் வருகிறது. சுவிட்சின் தொடுமுனை கருகியிருக்கும், ஹோல்டர் தளர்ந்திருக்கும், எர்த் (மின்னோட்டம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) போல்ட்டில் துரு ஏறியிருக்கும். இதோடு மோட்டார் ஹோம் வேலை செய்கிறவர்கள் மின்விசிறி, ஃபிரிட்ஜ் முதலியவற்றுக்கு அதே எர்த் முனையிலும், அதே ஃபியூஸ் பெட்டியிலும் வயர் எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டு உபயோகத்துக்கான சுமை எதுவும் ஹெட்லைட் வழியில் சேரவே கூடாது.

தீர்வு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலேயின் 30 என்ற முனையில் கொடுங்கள். 87-லிருந்து அதே தடிமனில் பல்புகளுக்குப் போக வேண்டும். முன்பு பல்புக்கு வந்த பழைய வயர் இனி 85, 86 முனைகளுக்கு வந்து ரிலேயை இழுக்க மட்டும் பயன்படும். அந்தச் சிறு வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஹோல்டரைச் செராமிக்கில் புதிதாகப் போட்டு, எர்த்துக்கும் தனி வயர் கொடுத்துப் பெயின்டைச் சுரண்டிய வெற்றுத் தகட்டில் இறுக்குங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் பிளஸ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் இருக்கும். எது என்று சோதிக்காமல் எலக்ட்ரீஷியனை வயரை வெட்ட விடாதீர்கள்.

100/90 வாட் வேண்டவே வேண்டாம். இருக்கிற வயரே 60 வாட்டுக்குத் திணறும்போது அது இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கும்; ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் எஞ்சின் பகுதி ஏற்கெனவே எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ராணிப்பேட்டை_பொறியாளர்:

வயரிங் பற்றி ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அதாவது எதிரே வருபவர்களுக்கு ஏன் கூசுகிறது என்பதற்கு, உங்கள் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம்தான் விடை என்று நினைக்கிறேன்.

டிம் ஒளி நேராகப் போவதில்லை; சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து போக வேண்டும். உங்கள் உயரத்திலுள்ள லைட்டுக்கு 1 முதல் 2 சதவீதச் சரிவு வைப்பார்கள். எத்தனை என்பது பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு அருகில் ஒட்டியுள்ள சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தூரத்தில் ஒளியின் மேல் விளிம்பு 15 செ.மீ. இறங்கியிருக்கும். இப்போது பின்பக்கச் சுமையைப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.5 மீட்டர் என்று கொள்வோம். தண்ணீரும் பேட்டரியும் சாமானும் ஏறிப் பின்பக்கம் 5 செ.மீ. தாழ்ந்தால், வண்டியின் மூக்கு ஏறக்குறைய 1.4 சதவீதம் நிமிர்ந்துவிடும். 10 மீட்டரில் அது 14 செ.மீ. நீங்கள் வைத்த சரிவு முழுவதும் அதிலேயே போய்விட்டது! டிம் என்று நீங்கள் நினைப்பது எதிரே வருபவரின் கண்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டிய சாலையோ இருட்டில் கிடக்கிறது. வெளிச்சம் குறைவு, ஆனால் கூசுகிறது என்ற உங்கள் புதிருக்கு இதுவே காரணம்.

ஆகையால் ஹெட்லைட்டை எப்போதும் பயணச் சுமையோடுதான் சரிசெய்ய வேண்டும். தண்ணீரை நிரப்புங்கள், சிலிண்டரை அதன் இடத்தில் வையுங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். டாஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் அதைச் சுழியத்தில் வையுங்கள். பட்டறையில் காலி வண்டியை நிறுத்திச் செய்யும் லைட் அலைன்மென்ட் உங்களுக்கு உதவாது. பின் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். லைட்டைத் திருகித் தாழ்த்தி அந்தக் குறையை மறைப்பது சரியல்ல. முடிந்தால் தொட்டியைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்துவது எல்லாவற்றுக்கும் நல்லது.

இடம் தேடி அலைய வேண்டியதில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையும் வெள்ளையடித்த சுவரும் சேர்ந்து கிடைக்கும். தரை மட்டமா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, முன் சக்கரம், பின் சக்கரம், சுவரின் அடி ஆகிய மூன்று இடங்களையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு லைட்டின் நடுப்புள்ளிகளையும் சுவரில் குறியுங்கள். பிறகு நேராகப் பின்னுக்கு எடுத்து, லைட்டுக்கும் சுவருக்கும் சரியாக 10 மீட்டர் இருக்குமாறு நிறுத்துங்கள். நடுப்புள்ளிக்கு 15 செ.மீ. கீழே, அதாவது தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், ஒரு கோடு போடுங்கள். இருட்டிய பின் டிம்மைப் போட்டு, ஒரு லைட்டை அட்டையால் மூடிவிட்டு மற்றதைப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாகவும், நடுவிலிருந்து இடப்பக்கம் மேலேறியும் தெரியும். தட்டையான பகுதி கோட்டின் மேல் உட்கார வேண்டும். அது மேலேறத் தொடங்கும் முனை லைட்டின் நேர் எதிரே விழ வேண்டும். லைட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று மேல்–கீழ், மற்றது இடம்–வலம். எச்4 பல்பில் டிம்மைச் சரிசெய்தால் பிரைட் தானாகச் சரியாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். 90 செ.மீ. உயரமும் 1.5 சதவீதச் சரிவும் என்றால் டிம் ஒளியின் விளிம்பு 60 மீட்டரில் தரையைத் தொடும். சுமை ஏற்றிய இந்த மாதிரி வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஆபத்தைக் கண்டு, பிரேக் அழுத்தி, நிற்பதற்குக் காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய 50 மீட்டர் ஆகும், 80 கி.மீ. என்றால் 80 மீட்டருக்கு மேல். எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் டிம்மில் 80-இல் போவது கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஓட்டுவதுதான்.

கண்ணமங்கலம்_ஆசிரியை:

நான் மோட்டார் ஹோம் வைத்திருப்பவள் அல்ல. நீங்கள் குறிப்பிட்ட அதே சாலையில் மாலை நேரங்களில் ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவள். எல்.இ.டி. பல்பு பற்றி எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். ஹாலஜனுக்காகச் செய்த டோமில் (பல்பைத் தாங்கும் ஹெட்லைட் கூட்டில்) எல்.இ.டி. பல்பைச் செருகிய வண்டி எதிரே வந்தால், சாலையின் விளிம்புக் கோடும் தெரியாது, ஓரத்தில் நடப்பவரும் தெரியமாட்டார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை நோக்கியும் மக்கள் இரவில் இந்தச் சாலைகளில் கூட்டமாக நடந்து போகிறார்கள். அவர்களை நினைத்தாவது கடைக்காரர் சொல்லும் பகல் வெளிச்சத்தை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ராணிப்பேட்டை_பொறியாளர்:

அம்மையார் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் போகவிடுகிறது. இழை இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் சுவரில் விழும் விளிம்பு கலைந்துவிடும். எல்.இ.டி. பல்பில் ஒளி தட்டையான சில்லுகளின் இரு பக்கங்களிலிருந்து வருகிறது. அந்த டோமோ சுற்றிலும் ஒளிவிடும் மெல்லிய இழைக்காக வடிவமைக்கப்பட்டது. மொத்த வெளிச்சம் கூடலாம்; ஆனால் அது சாலையில் விழுவதைவிட அருகிலும் மேலேயும் சிதறுவதே அதிகம்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது இது கேள்வியாக வரலாம்.

டோமையே முழுதாக மாற்றுவதானால், உங்கள் வண்டி மாடலுக்கே தயாரிப்பாளர் தரும் அங்கீகரிக்கப்பட்ட டோமை வாங்குங்கள். இணையத்தில் வரும் வெளிநாட்டு டோம்களில் பல வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானவை. அவற்றில் ஒளி வலப்பக்கம் மேலேறி, நம் நாட்டில் எதிரே வருபவரின் முகத்தில் நேராக விழும். இடப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டுமான ஐரோப்பிய முத்திரை பெற்ற கண்ணாடியில், எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருக்கும்.

காட்பாடி_பயணி:

மூவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன்: பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பின் காலில் 11.6 மட்டும். லாரி எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் ரிலே போட்ட பிறகு பல்பில் 13.5 வருகிறது. அதே 60/55 வாட் பல்புதான்; வெள்ளைக்கோட்டின் விளிம்பில் கிடக்கும் ஜல்லிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. எர்த் போல்ட்டைத் திறந்தபோது அதில் ஃபிரிட்ஜின் வயரும் மாட்டியிருந்தது, பிரித்துவிட்டோம். தொட்டியை நிரப்பி அலைன்மென்ட்டும் செய்தோம். கோட்டுக்கு மேலே நன்றாக ஏறியிருந்த வெளிச்சம் இப்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி லேசாக மஞ்சளாகியிருக்கிறது. அதை என்ன செய்வது? ஏலகிரிக்குப் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஹெட்லைட் பள்ளத்தாக்கைத்தான் காட்டுகிறது, திருப்பம் தெரிவதில்லை. அதற்கு வழி உண்டா?

பாலாற்றங்கரை:

மஞ்சளுக்கு 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட் இல்லாமல் விட்டால் ஒரே கோடையில் மறுபடியும் மஞ்சளாகிவிடும். உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் துணி போட்டுத் துடைக்க வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். டோமை மாற்றத்தான் வேண்டும்.

ஏலகிரியின் 14 வளைவுகளுக்கும் பம்பரில் தாழ்வாக வைத்த ஒரு ஜோடி ஃபாக் லைட் போதும். அதன் ஒளி அகலமாகவும் தாழ்வாகவும் பரவுவதால் திருப்பத்தின் உள்விளிம்பு தெரியும். அதற்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். சமவெளிக்கு இறங்கியதும் அணைத்துவிடுங்கள். கூரை மேல் எல்.இ.டி. பட்டை மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள்.

ஓட்டும்போது இருக்கைக்குப் பின்னால் உள்ள திரையை இழுத்துவிடுங்கள். சமையல் மேடை விளக்கு எரிந்தால் முன் கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு விழுந்து, பாதி வெளிச்சத்தை அதுவே தின்றுவிடும். புதிய பல்பு மாட்டும்போது கண்ணாடிக் குமிழை விரலால் தொடாமல் காகிதத்தால் பிடியுங்கள். முழு மின்னழுத்தம் கிடைப்பதால் பல்பின் ஆயுள் முன்பைவிடக் குறையும். ஒரு ஜோடியைக் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள், மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.