மங்களூர் பாதர் முல்லர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவ கூட்டிட்டு போகலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொழுந்துக்கூடை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம். அம்மாவுக்கு ரொம்ப வருசமா சொரியாசிஸ், முழங்கை முழங்கால் எல்லாம் வெடிச்சு செதில் செதிலா உதிருது, மழையில மலைக்கு கொழுந்து பறிக்க போயிட்டு வந்தா துணி புண்ணுல ஒட்டிக்கிட்டு உரிச்சு தான் எடுக்கணும். மாமா குடும்பம் தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்கு அனுப்புன சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா போய் கர்நாடகாவுல சுல்யா ரப்பர் தோட்டத்துல இருக்காங்க, போன் எடுத்தாலே "அக்காவ கூட்டிட்டு வா, முல்லர்ல காட்டிரலாம்"னு ஒரே பிடி. பாதர் ஆஸ்பத்திரின்னா சாமி கும்புடுற நம்ம ஆளுகள எப்படி பாப்பாங்க? அம்மா கழுத்துல மாரியம்மன் டாலர், கழட்டவே மாட்டாங்க. அது ஹோமியோபதி ஆஸ்பத்திரின்னு பக்கத்து லயத்து அண்ணே சொல்றாரு. இன்னொருத்தர் காலேஜ் ஆஸ்பத்திரி, படிக்கிற பசங்க நம்மள வச்சு தான் பழகுவாங்கன்னு பயமுறுத்துறாரு.

சிலோன்காரன்_பேரன்:
தம்பி நான் பொறந்ததே சுல்யா, எங்க தாத்தா மஸ்கெலியா. இங்க பெரிய வியாதின்னா எல்லாரும் ஓடுறது மங்களூருக்கு தான். டாலர பத்தி கவலய விடுங்க, ஓபில பாதிக்கு மேல இந்துவும் முஸ்லிமும் தான், நெத்தியில குங்குமத்தோட தான் உக்காந்திருப்பாங்க, யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க.
ஹோமியோபதின்னு அண்ணே சொன்னது முழுப்பொய் இல்ல. முல்லர்ங்கிறவரு ஜெர்மன் சேசு சபை பாதர், 1878 கடைசியில மங்களூர் வந்தாரு, 1880ல கங்கனாடியில ஒரு ஆலமரத்தடியில ஏழைகளுக்கு ஹோமியோபதி மருந்து குடுக்க ஆரம்பிச்சாரு. அந்த மருந்த தபால்ல ஊரூரா வித்து, அந்த காசுல தான் மத்ததெல்லாம் கட்டுனாரு, அந்தக் காலத்துலயே கெட்டிக்கார மனுசன். 1890ல குஷ்டரோக ஆஸ்பத்திரி, 1902ல பிளேக் நோயாளிகளுக்கு ஒன்னு, யாரும் வீட்டுக்குள்ள விடாத ஆளுகள தான் அவரு முதல்ல சேத்தாரு. 1910ல செத்துப்போனாரு. இப்ப மங்களூர் மறைமாவட்டம் நடத்துது, ஆயிரத்துக்கு மேல கட்டில், எல்லாம் இங்கிலீஷ் மருந்து. ஹோமியோபதி காலேஜ் தேரளகட்டேல தனியா இருக்கு, அது 1985. எம்பிபிஎஸ் காலேஜ் வந்தது 1999ல தான். குஷ்டத்துல தொடங்குன இடம்ங்கிறதால தோல் வியாதிக்கு இங்க நல்ல பேரு, போதை மறக்க வைக்கிற பகுதியும் இருக்கு, எங்க சித்தப்பாவ அங்க தான் சேத்தோம்.

கண்டி_வார்ட்அக்கா:
நான் ஆஸ்பத்திரியில வேல செய்றவ, அதனால கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். பசங்க பழகுவாங்கன்னு பயப்படாதீங்க. டீச்சிங் ஹாஸ்பிட்டல்ல மாணவன் கேள்வி கேப்பான், தொட்டு பாப்பான், எழுதுவான், ஆனா மருந்து முடிவு பண்றது அவன் இல்ல, மேல டாக்டர், அதுக்கு மேல கன்சல்டன்ட். ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலச் சுத்தி எட்டு பத்து பேர் நிப்பாங்க, அம்மாவுக்கு கூச்சமா இருந்தா வேணாம்னு சொல்லலாம். சின்ன கிளினிக்ல ஒருத்தர் ரெண்டு நிமிசம் பாத்து டியூப் எழுதி அனுப்புறதுக்கு இது எவ்வளவோ மேல்.
ஆனா அதுக்கு கடல் தாண்டணுமா? பேராதனையில மருத்துவ பீடம் 1962ல வந்தது, போதனா ஆஸ்பத்திரி, அதான் டீச்சிங் ஹாஸ்பிட்டல், 1980ல திறந்தாங்க, கண்டி பெரியாஸ்பத்திரியிலயும் ஸ்கின் கிளினிக் இருக்கு, ரெண்டும் இலவசம். சொரியாசிஸ் ஒரு தடவ போய் குணமாக்கிட்டு வர்ற வியாதி இல்லப்பா, கட்டுப்பாட்டுல தான் வச்சிருக்க முடியும். மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து தொடங்குனா அப்பப்ப ரத்தம் எடுத்து ஈரலும் ரத்த அணுவும் பாக்கணும். மங்களூர்ல எழுதிக் குடுத்துட்டாங்க சரி, அடுத்த மாசம் யாரு பாப்பா? இந்த வியாதி சிலருக்கு மூட்டையும் பிடிக்கும், அதனால காலையில மூட்டு இறுகி வலிக்குதான்னும் கேளுங்க, இருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்.

டிக்கோயா_ராஜா:
நமக்கு மட்டும் ஏன் இப்படி ஒன்னு இல்லங்கிறது தான் என் எரிச்சல். 1893ல போப்பாண்டவரே கண்டி அம்பிட்டியவுல குருமடம் வச்சாரு, இந்தியாவுல இருந்தெல்லாம் வந்து சாமியாருக்கு படிச்சாங்க, 1955ல அத பூனேக்கு தூக்கிட்டு போயிட்டாங்க. சாமியார் படிப்பு நம்ம மலைக்கு வந்துச்சு, டாக்டர் படிப்புக்கு பாதர்மார் ஒருத்தரும் வரல. டிக்கோயாவுல 2017ல மோடி வந்து திறந்துட்டு போன ஆஸ்பத்திரி தான் நமக்கு கிடைச்ச பெருசு, அதுவும் 150 கட்டில்.

கண்டி_வார்ட்அக்கா:
ராஜா, பள்ளிக்கூடம் கட்டுனாங்கல்ல, அதையும் சொல்லுங்க. கோவிக்காதீங்க 😄

கொழுந்துக்கூடை:
எல்லாருக்கும் நன்றி. மூட்டு வலி இருக்கு அக்கா, விடியக்காலைல விரல மடக்க முடியலம்பாங்க, குளிர்னால தான்னு நாங்களே நெனச்சிக்கிட்டோம். முதல்ல பேராதனைக்கு கூட்டிட்டு போறேன். மாமாவ பாக்க எப்படியும் ஒரு நாள் போவோம், அப்ப முல்லர்லயும் காட்டுனா செலவு எப்படி? பாஷ?

சிலோன்காரன்_பேரன்:
எங்களுக்கு ரேஷன் கார்ட வச்சு அரசாங்க திட்டத்துல கழியும், இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது, கையில இருந்து தான் கட்டணும், ஜெனரல் வார்டுன்னு கேட்டு வாங்குங்க. மெடிக்கல் விசா எடுத்துட்டு வாங்க. பாஷைக்கு பயமில்ல, நர்ஸ் பிள்ளைங்க நெறைய பேர் மலையாளம், நம்ம தமிழ் புரியும், இல்லாட்டி மாமா துளுவுல வெளுத்து கட்டுவாரு. பேராதனை ரத்த ரிப்போர்ட், இது வரைக்கும் பூசுன டியூப் பேரு, எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டு எடுத்துட்டு வாங்க, முதல்ல அத தான் கேப்பாங்க.