கோபுரம் கட்டியவர் எப்படி வெண்கலப் பெண்களிடம் வந்து சேர்ந்தார்? (ரெக் பட்லர்)

செங்கல்சூளை:
கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். இங்கே சிற்பம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். இங்கிலாந்துக்காரர் ரெக் பட்லர், 1953-இல் 'பெயர் தெரியாத அரசியல் கைதி' நினைவுச்சின்னப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். போட்டிக்கு அவர் செய்த சின்ன மாதிரி வெறும் கம்பியும் சட்டமும்தான், சிறைக் காவல் கோபுரமா ஆன்டெனாவா என்று சொல்ல முடியாது, பார்த்தவுடனே கட்டடக்காரர் கை என்று தெரிகிறது. அதே ஆள் கடைசிக் காலத்தில் செய்தவை நிறம் பூசிய வெண்கல நிர்வாணப் பெண்கள், உடம்பை முறுக்கிக்கொண்டு, தலையில் நிஜ முடியோடு! நடுவில் என்ன ஆயிற்று? கட்டடக்கலை பிடிக்காமல் ஓடிவிட்டாரா?

உலைக்கூடம்:
நடுவில் ஆனது கொல்லு வேலை, தம்பி. பட்லர் 1930களில் முறையாகத் தகுதி பெற்று தொழில் செய்த ஆர்க்கிடெக்ட். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தார், அதற்குப் பதிலாக சசெக்ஸ் கிராமத்துப் பட்டறையில் கொல்லராக வேலை. இரும்பைக் காய்ச்சி அடித்தால் எவ்வளவு மெலிசாக நீளும் என்பதை அங்கேதான் கையால் தெரிந்துகொண்டார், படம் வரைகிற மேசையில் அது வராது. போர் முடிந்தும் சில வருடம் கட்டடத் தொழிலையும் சிற்பத்தையும் சேர்த்தே ஓட்டி, 1950-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சிற்பிக்கான உதவித்தொகை கிடைத்த சமயத்தில்தான் முழுக்க இந்தப் பக்கம் வந்தார்.

நீங்கள் வரிசையை மாற்றிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபுரம் முதலில், பெண் பிறகு என்பது சரியில்லை. 1949-லேயே இரும்பை அடித்துப் பெண் உருவம் செய்துவிட்டார். அந்தக் கோபுரத்தின் அடியிலும் சின்னதாக மூன்று பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், புகைப்படத்தில் பலரும் கவனிப்பதில்லை.

மெழுகச்சு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. அடித்த இரும்பில் காற்றில் கோடு போடலாம், ஆனால் வயிறு, தொடை என்று சதை திரட்ட முடியாது. அதற்குக் களிமண்ணோ மெழுகோ வேண்டும், அப்புறம் வார்ப்புதான். பட்லர் வெண்கலத்துக்கு வந்ததற்கு எனக்குத் தெரிகிற காரணம் இதுதான். வந்தவர் வார்ப்பையும் சும்மா விடவில்லை, ஓடு மாதிரி மெல்லிய சுவரில் வார்க்கும் முறையைத் தானே உருவாக்கிக்கொண்டார்.

1950களின் வெண்கலப் பெண்களைப் பாருங்கள், பலர் தரையிலோ பீடத்திலோ நிற்கவில்லை. கம்பிச் சட்டத்தின் மேல் நிற்கிறார்கள், சிலர் கம்பியில் குத்தி நிறுத்தியதுபோல அந்தரத்தில். சாரத்தைப் பிரிக்காமல் விட்டுவிட்ட கட்டடம்! ஆர்க்கிடெக்ட் எங்கேயும் ஓடவில்லை, காலடியில்தான் இருக்கிறார்.

சாரமரம்:
எல்லாம் சரி, ஆனால் அந்த நிறம் பூசிய பொம்மைகளை எனக்குச் சகிக்க முடியவில்லை, தொழில்நுட்பம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். சாரமே இல்லாமல் தோல் மட்டும் மிஞ்சிவிட்டது. இதே கேள்விக்கு லின் சாட்விக் என்ற இன்னொரு ஆங்கிலேயச் சிற்பியையும் பாருங்கள். அவர் ஆர்க்கிடெக்ட் இல்லை, ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் படம் வரைந்தவர், போரில் விமானி. இருவரும் 1950-இல் பிரிட்டிஷ் ஆக்சிஜன் நிறுவனத்தின் வெல்டிங் பயிற்சிக்குப் போனவர்கள். சாட்விக் முதலில் கம்பிக்கூடு கட்டுவார், இடைவெளிகளில் ஜிப்சமும் இரும்புத்தூளும் கலந்த சாந்தை நிரப்புவார், பிறகு அதை வெண்கலத்தில் வார்ப்பார்கள். உள்ளே இருக்கும் கூடு கடைசிவரை விலா எலும்பு மாதிரி வெளியே தெரியும். 1956-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் சிற்பப் பரிசு சுவிஸ் சிற்பி ஜக்கோமெட்டிக்குத்தான் என்று எல்லோரும் இருக்க, இவர் தட்டிக்கொண்டு போனார்.

செங்கல்சூளை:
நன்றி. சாட்விக்கைத் தேடிப் பார்க்கிறேன். அந்தக் கோபுரம் கடைசியில் எங்கேயாவது கட்டினார்களா?

உலைக்கூடம்:
இல்லை. மேற்கு பெர்லினில் 300 அடிக்கு மேல் எழுப்பத் திட்டம், பனிப்போர் அரசியலில் பேச்சோடு நின்றது. போட்டி மாதிரியையே 1953-இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சியில் ஒருவர் உடைத்துவிட்டார், பட்லர் திரும்பச் செய்துகொடுத்தார். பிறகு 1955-56-இல் செய்த பெரிய மாதிரி டேட்டில் இருக்கிறது, ஆள் உயரத்துக்கும் மேல். அதன் விவரக் குறிப்பைத் திறந்து என்னென்ன பொருள்கள் என்று பாருங்கள், எஃகும் வெண்கலமும் ஒன்றாகவே இருக்கும்.