ஜூமில் வாடை வராது

ஈரோட்டிலிருந்து:

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கில் டாஸ்மாக்கை மூடியதும், இனி என் குடி தானாக நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டாம் நாள் எனக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பழக்கமான ஒருவர் ஜூம் லிங்க் அனுப்பினார். குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் தமிழ் மீட்டிங், ராத்திரி எட்டு மணி. வழக்கமாகக் கூடும் ஹால் பூட்டிக் கிடந்ததால் போனுக்கு மாறியிருந்தார்கள்.

வீடியோவை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி ‘நான் ஒரு குடிநோயாளி’ என்றதும் மற்றவர்கள் வணக்கம் சொன்னார்கள். என் முறை வந்தபோது நடுக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அன்று நடத்தியவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். “தம்பி, வருஷக்கணக்கா தினமும் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம். ரெண்டு மூணு நாள்ல ஆள் தெரியாமப் பினாத்துறவங்களும் உண்டு. இது மீட்டிங்ல தீர்ற விஷயம் இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். போனேன். ஐந்து நாள் படுக்கை, மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி. அவர் மட்டும் ‘மனசைத் திடப்படுத்திக்கோ’ என்று சொல்லி முடித்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

மே 7, கடை திறந்த நாள். குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றியும் வரிசை எங்கள் தெருமுனை வரை நின்றது. அன்று காலையிலேயே யாரோ லிங்கைத் திறந்து வைத்துவிட்டார்கள். பெரிதாகப் பேச்சில்லை. ஒருவர் வெங்காயம் உரித்தார். ஒருவர் தூங்கிப்போய் குறட்டை விட்டார், யாரும் அவரை மியூட் செய்யவில்லை. என் போன் ராத்திரி வரை சார்ஜரிலேயே கிடந்தது. மறுநாள் ஐகோர்ட் மூடச் சொன்னது, 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். நாங்களும் மறுபடி லிங்கைத் திறந்தோம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜூமில் வாடை வராது. அந்த நவம்பரில் மூன்று நாள் குடித்துவிட்டே மீட்டிங்கில் இருந்தேன். நேரில் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பார். நான்காம் நாள் நானே சொன்னேன். “குடியை நிறுத்தணும்னு ஆசை இருக்கில்ல? அப்ப மெம்பர்தான். நாளைக்கும் வாங்க” என்றார் பெரியவர். அப்புறம் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

நாகர்கோவிலிலிருந்து:

குடித்தது என் வீட்டுக்காரர். நான் இருப்பது குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுவில். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு எவ்வளவு குறைந்தது என்று அளந்துகொண்டிருந்தவள் நான். அவர் மீட்டிங்கில் என்ன பேசுகிறார் என்று கதவோரம் நின்றும் கேட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் ஓர் அக்கா, “அவர் கணக்கு இருக்கட்டும், நீ மத்தியானம் சாப்பிட்டியா?” என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. அவர் குடிக்காமல் இரண்டு வருஷம் ஆகிறது. பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்ப்பதை மட்டும் என்னால் இன்னும் விட முடியவில்லை.

துபாயிலிருந்து:

இந்தியாவில் எட்டு மணி மீட்டிங் என்றால் எங்களுக்கு ஆறரை. சைட்டிலிருந்து கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்கிறேன். பக்கத்து சீட்டில் ஊர்க்காரர்கள், வாயைத் திறந்தால் செய்தி ஊருக்குப் போய்விடும். அதனால் எட்டு மாதமாகப் பேசியதே இல்லை. ஞாயிறு காலையில் ரூமில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் தமிழ் மீட்டிங் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.