டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் போதுமா, 98 தான் போடணுமா?

மூணாவதுகியர்
2 லிட்டர் டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், கம்ப்ரெஷன் 10:1. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) எதுவும் பண்ணாத ஸ்டாக் கார். பெட்ரோல் மூடி ஸ்டிக்கர்ல "குறைந்தபட்சம் ஆர்ஓஎன் 95"னு இருக்கு (ஆர்ஓஎன்னா ஆக்டேன் எண்). மேனுவல்ல "98 பரிந்துரைக்கப்படுகிறது"னு இருக்கு. எதை நம்புறது? 98 போட்டா நிஜமாவே பிக்கப் கூடுமா, இல்ல காசுக்குப் பிடிச்ச கேடா? நெடுந்தூரப் பயணத்துல 91 மட்டும்தான் கிடைக்குதுன்னா என்ன பண்ணலாம்? அதுக்காக ஆக்டேன் பூஸ்டர் ஒரு பாட்டில் டிக்கியில வச்சுக்கலாமா?

நாக்சென்சார்
ரெண்டும் சரிதான். 95 என்பது இன்ஜின் கெடாமல் ஓடத் தேவையான அடிமட்டம். 98 என்பது கம்பெனி சொன்ன குதிரைசக்தி முழுதாக வருவதற்கான பெட்ரோல். மேனுவலில் "98 கட்டாயம்" என்று இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, 98 மட்டும்தான்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டுவதில்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் காட்டுகிறது. பிளக் பொறி விட்ட பிறகு தீ சிலிண்டரின் ஓரத்தை நோக்கிப் பரவுகிறது. அது போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் நசுங்கிக்கொண்டிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். டர்போ காற்றை அழுத்தி, சூடாக்கி உள்ளே தள்ளுவதால் 10:1 கம்ப்ரெஷனிலேயே இந்த ஆபத்து கணிசமாக இருக்கும்.

பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டவுடன் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். பிறகு சிறுகச் சிறுக முன்னே கொண்டுவந்து பார்க்கும். மறுபடி தட்டினால் மறுபடி பின்னுக்கு. சில கார்களில் பூஸ்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைக்கும். டைமிங் தள்ளிப்போனால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். 95 போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்களுக்கு மைலேஜ் இறங்குவது இதனால்தான்.

நிதானமாக, பாதி மிதியில் ஓட்டினால் 95-க்கும் 98-க்கும் வித்தியாசம் தெரியாது. வெயில், ஏற்றம், முழு மிதி, டிராக், இந்த நாலில் ஒன்று இருந்தால் 98 போடுங்கள். டிராக் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கார்பன்கட்டை
பிரீமியம் போட்டா இன்ஜின் உள்ளே கழுவின மாதிரி சுத்தமா இருக்கும். அதுக்காகவாவது மாசம் ஒருமுறை போடலாமே?

வால்வுஇடைவெளி
ஆக்டேனும் சுத்தம் செய்யும் டிடர்ஜென்ட்டும் வேறு வேறு சமாசாரம். பல நிறுவனங்கள் பிரீமியத்தில் டிடர்ஜென்ட் அளவைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் சாதாரண பெட்ரோலிலும் நல்ல டிடர்ஜென்ட் இருக்க முடியும். 2004-ல் சில கார் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த டாப் டயர் தரத்தில், அந்த பிராண்டு விற்கும் எல்லா கிரேடுக்கும் ஒரே குறைந்தபட்ச விதி.

தவிர, இவர் கார் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக் வால்வின் முதுகில் ஒரு சொட்டு கூடப் படாது. அங்கே பிடிக்கும் கார்பனை எந்தப் பெட்ரோலும் கழுவாது; மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றில் அடித்து எடுப்பதுதான் நம்பகமான வழி. இன்ஜெக்டர் முனைக்கு மட்டும் டிடர்ஜென்ட் உதவும்.

சிலிண்டருக்குள் கார்பன் சேர்ந்தால் இடம் குறைந்து கம்ப்ரெஷன் ஏறும், கட்டிகள் கங்கு போலச் சூடாகவும் இருக்கும். புதிதில் 95-ல் தட்டாத இன்ஜின் பழசானபின் தட்ட இதுவும் ஒரு காரணம்.

நாக்சென்சார்
91 மட்டுமே கிடைக்கும் இடத்துக்கு வருகிறேன். டேங்கில் இருப்பதோடு கலந்தால் ஆக்டேன் ஏறக்குறைய அளவு விகிதப்படி வரும். உதாரணமாக 98 பெட்ரோல் 30 லிட்டர் இருக்க, 91-ல் 20 லிட்டர் ஊற்றினால்:

(30 × 98 + 20 × 91) ÷ 50 = 95.2

அடிமட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கம் போகும் முன்பே 98 நிரப்பிக்கொண்டு, பாதிக்கு மேல் இருக்கும்போதே கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். காலி டேங்கில் 91 நிரப்ப வேண்டி வந்தால், அடுத்த நல்ல பெட்ரோல் கிடைக்கும் வரை முழு மிதி கூடாது. டேங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை. முக்கியமாக, 1,500 ஆர்பிஎம்மில் மேல் கியரில் வைத்து ஏற்றத்தில் அழுத்தாதீர்கள். கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்ற விடுங்கள். மெதுவாகச் சுற்றினால் ஓரக் கலவை வெந்து வெடிக்க நேரம் அதிகம் கிடைக்கிறது.

இன்னொரு குழப்பம்: சில நாடுகளில் பம்பில் எழுதியிருப்பது ஆர்ஓஎன் இல்லை. ஆர்ஓஎன், எம்ஓஎன் (இன்னும் கடுமையான சோதனையில் அளந்த ஆக்டேன் எண்) இரண்டின் சராசரி. ஆர்ஓஎன் 98, எம்ஓஎன் 88 உள்ள பெட்ரோலுக்கு அங்கே 93 என்றுதான் இருக்கும். அங்கே பம்பில் 91 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது ஏறக்குறைய நம் 95.

பூஸ்டர் பாட்டிலில் "30 பாயிண்ட் கூடும்" என்றால் 3 எண், 30 இல்லை. 10 பாயிண்ட் என்பது 1 எண். அந்த 3-ம் கூட லேபிளில் சொன்ன அளவுப் பெட்ரோலில் கலந்தால்தான். எம்எம்டி என்ற மாங்கனீஸ் சேர்மம் உள்ளவற்றைத் தொடர்ந்து ஊற்றினால் பிளக் பீங்கானில் செம்மஞ்சள் படிவம் பிடித்து மிஸ் அடிக்க ஆரம்பிக்கும். டிக்கியில் வைத்துக்கொள்ள அது ஒன்றும் கட்டாயச் சாமான் இல்லை.

மூணாவதுகியர்
நன்றி சார். என் கார்ல நிஜமாவே வித்தியாசம் இருக்கான்னு நானே பார்க்க வழி இருக்கா? எல்லாரும் "ஃபீல் ஆகுது"ன்னுதான் சொல்றாங்க.

லாக்ஃபைல்
ஃபீலை விடுங்க, டைமிங்கைப் பாருங்க. ஓபிடி ஸ்கேனர்ல (கார் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) இக்னிஷன் டைமிங், இன்டேக் காற்று வெப்பநிலை, லோடு, ஆர்பிஎம் நாலையும் பதிவு பண்ணுங்க. நாக் ரிடார்டு (நாக்கிங்கால டைமிங் பின்னுக்குப் போன அளவு) பொதுவான ஓபிடி பட்டியல்ல வராது. உங்க கார் கம்பெனிக்கான ஆப் இருந்தா ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா காட்டும்.

டேங்க் கிட்டத்தட்ட காலியானதும் 95 நிரப்பி, அதை முக்கால்வாசி தீர்த்துட்டு அளங்க. ஈசியூ பழைய பெட்ரோலுக்குக் கத்துக்கிட்டதை மறக்க ஓட்டம் வேணும், நிரப்பின உடனே அளந்தா எதுவும் தெரியாது. அளவீடு டிராக்ல இல்லேன்னா டைனோல (காரை உருளை மேல ஓட்டி சக்தியை அளக்கிற மேடை): மூணாவது கியர், 2,500-லிருந்து ரெட்லைனுக்குக் கொஞ்சம் முன்னாடி வரை முழு மிதி. 98-க்கும் இதே முறை. ரெண்டுலயும் இன்டேக் வெப்பநிலை 5 டிகிரிக்குள்ள ஒத்துப்போகணும், இல்லேன்னா நீங்க பெட்ரோலை அளக்கல, வெயிலைத்தான் அளக்கிறீங்க. ஒரே ஆர்பிஎம், ஒரே லோடுல 98-க்கு 3–4 டிகிரி அதிக அட்வான்ஸ் (பொறி முன்னாடியே விடுறது) வந்தா காசு வேலை செய்யுது. ஒரே கோடா வந்தா 95 போதும்.

ரெண்டுலயும் டைமிங் மோசமா இருந்தா பெட்ரோலைத் திட்டுறதுக்கு முன்னாடி பி0325, பி0327, பி0328 எரர் கோடு இருக்கான்னு ஸ்கேனர்ல பாருங்க. நாக் சென்சார் சர்க்யூட் போச்சுன்னா ஈசியூ பயந்துபோய் டைமிங்கைப் பின்னுக்கே வச்சிடும், 98 ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல. சென்சாரை மாத்தினா டார்க் ரெஞ்ச் இல்லாம இறுக்காதீங்க. நிறைய கார்ல 20 நியூட்டன் மீட்டர் பக்கம், உங்களுக்கான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். அடியில வாஷர் போடக்கூடாது, தொடும் இடம் சுத்தமா இருக்கணும். தளர்ந்த ஹீட் ஷீல்டு சத்தத்தைக்கூட சில சமயம் சென்சார் நாக்கிங்னு எடுத்துக்கும்.

வால்வுஇடைவெளி
ஒன்று சேர்க்கிறேன். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் வரும்போது திடீரென ஒரே ஒரு பலத்த அடி கேட்டால் அது சாதாரண நாக்கிங் இல்லாமல் இருக்கலாம். எல்எஸ்பிஐ எனப்படும் முன்பற்றல், பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றுவது. டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து இதைத் தடுக்க முடியாது, உயர் ஆக்டேனை நம்பியும் இருக்க முடியாது. பிஸ்டன் ரிங் லேண்டு (ரிங்குகளுக்கு இடையே உள்ள பிஸ்டன் விளிம்பு) உடைவது பெரும்பாலும் இப்படித்தான். இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம் டிடர்ஜென்ட் இதைத் தூண்டுவதால், 2020-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) எஸ்பி தர ஆயிலில் இதற்கென்றே சோதனை சேர்த்தார்கள். உங்கள் மேனுவல் கேட்கும் ஆயில் தரத்தோடு எஸ்பி குறியீடும் டப்பாவில் இருக்கிறதா பாருங்கள்.

மூணாவதுகியர்
கடைசியா ஒண்ணு: பின்னாடி ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் மாத்தாம, சாஃப்ட்வேர் மட்டும்) பண்ணினா?

லாக்ஃபைல்
அப்போ ஸ்டிக்கர்ல இருக்கிற 95 செல்லாது. 98-க்கு எழுதின மேப்ல (ஈசியூ செட்டிங்) பூஸ்டும் டைமிங்கும் ஓரத்துக்குப் போயிருக்கும், நாக் சென்சாருக்குத் திருத்த இடம் கம்மி. 95 மேப், 98 மேப் ரெண்டும் கேளுங்க. நிறைய பேர் ரெண்டையும் மாத்தி மாத்தி ஏத்துற மாதிரி தருவாங்க. 98 நிச்சயமில்லாத பயணத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி 95 மேப்பை ஏத்திக்கோங்க.