பாளையங்கோட்டை வீடு (குடும்பக் குழு)

செல்வி அக்கா: பெரியப்பா, நீங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் வேலை பார்த்தது எந்த வருடம்? என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கும் லைபீரியா அக்காவிடம் சொன்னேன், நம்பவே இல்லை. எந்தத் தெரு, எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பெரியப்பா: 1984 முதல் 1990 தொடக்கம் வரை மா. சிந்திக்காரர் ஒருவரின் துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. வாட்டர்சைடு மார்க்கெட் பக்கம் என்று சொல், புரிந்துகொள்வார். 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நிம்பா மாவட்டத்துப் பக்கம் உள்நாட்டுச் சண்டை ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார். கடையில் கூட இருந்த பையன்கள் இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

செல்வி அக்கா: அவர் ஊரே நிம்பாதான் பெரியப்பா. அங்கே கான்டா என்ற ஊர்.

அத்தை: அந்தப் பெண் சொந்த ஊருக்குப் போய் வருகிறாளா செல்வி?

செல்வி அக்கா: அதைச் சொல்லத்தான் வந்தேன் அத்தை. 1990-களில் இங்கே அமெரிக்காவுக்கு வந்தவர். போர் நடக்கிறது என்று 1991-இல் லைபீரியாக்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தார்கள். 1999-இல் அதை நிறுத்திவிட்டு, “உங்களை வெளியேற்றுவதைத் தள்ளிவைக்கிறோம்” என்று வேறு பெயரில் ஒன்று. கிளின்டன், புஷ், ஒபாமா என்று யார் வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப்பார்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் வேலை அனுமதிக் காகிதம் புதிதாக வர வேண்டும், அது வரும்வரை வயிற்றில் புளியைக் கரைக்கும். அவருடைய அம்மா இறந்தபோது போகவில்லை. போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம், இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அழுதுகொண்டே பணத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார், அந்தப் பணத்தில்தான் அடக்கமே நடந்தது.

அத்தை: ஐயோ பாவம்.

முரளி சித்தப்பா: சரி, அமெரிக்கா அவர்கள் இஷ்டப்படி விசா கொடுக்கும், அதை நாம் என்ன சொல்ல முடியும்? உன் வீட்டுக்காரரும்தான் கிரீன் கார்டு வரிசையில் வருடக் கணக்காக நிற்கிறார்.

செல்வி அக்கா: நிற்கிறார் சித்தப்பா. ஆனால் எங்களுக்கு ஒரு வரிசை என்று இருக்கிறது. அவர்களுக்கு அப்போது வரிசையே கிடையாது, எத்தனை வருடம் காத்திருந்தாலும் அந்தக் காகிதம் கிரீன் கார்டாக மாறாது என்றுதான் இருந்தது. 2018-இல் டிரம்ப் இதோடு முடிந்தது என்று சொல்லி 2019 மார்ச் 31-ஐக் கடைசி நாளாகக் குறித்துவிட்டார். 28-ஆம் தேதிதான் இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். மூன்று நாள்தான் பாக்கி! அந்த மாதம் முழுக்க வேலைக்கு வந்து பாட்டிகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டினாராம். இங்கே மினசோட்டாவில் ப்ரூக்ளின் பார்க், ப்ரூக்ளின் சென்டர் பக்கம் முதியோர் இல்லங்களில் லைபீரியாக்காரர்கள் அவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள். ஒரே நாளில் எல்லாரையும் போகச் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டிகளை யார் பார்ப்பது?

கார்த்தி: அக்கா, இப்போது தேடிப் பார்த்தேன். 2019 டிசம்பர் 20-இல் கையெழுத்தான ராணுவச் செலவுச் சட்டத்துக்குள் லைபீரியர்களுக்குக் கிரீன் கார்டு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். 2014 நவம்பர் 20 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்திருக்கிறது. அதிலும் கையெழுத்துப் போட்டது டிரம்ப்தானா?

செல்வி அக்கா: அவர்தான். ஆனால் அது தானாக வரவில்லை கார்த்தி. ரோட் ஐலண்ட் செனட்டர் ஜாக் ரீட் 1999-இலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், இருபது வருடம். அவரை விடாமல் கேட்க வைத்தது இந்த மக்கள். சர்ச்சில் கூடிப் பேசி, பஸ் பிடித்து வாஷிங்டன் போய், தங்கள் பெயரையும் முகத்தையும் காட்டி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். காகிதம் நாளைக்குச் செல்லாமல் போகலாம் என்று இருக்கிற ஆள் அப்படி வெளியில் வந்து நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆப்ரிக்கன் கம்யூனிட்டீஸ் டுகெதர் என்ற அமைப்பும் சிலரும் சேர்ந்து 2019 மார்ச்சில் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள். சட்டம் வந்த பிறகு கோவிட் வந்துவிட்டது, விண்ணப்பிக்கக் கொடுத்த ஒரு வருட அவகாசம் போதாமல் 2021 டிசம்பர் வரை நீட்ட வேண்டியிருந்தது. நம் லைபீரியா அக்காவுக்கு அப்போதுதான் கிடைத்தது.

பெரியப்பா: முப்பது வருடமா மா?

செல்வி அக்கா: ஏறக்குறைய. இத்தனை வருடத்திலும் ஊருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தவே இல்லை பெரியப்பா. நீல பிளாஸ்டிக் பேரல் வாங்கி அரிசி, எண்ணெய், துணி, சோப்பு, பள்ளி நோட்டு எல்லாம் திணித்து மூடி கப்பலில் போடுவார்கள். 2014-இல் எபோலா வந்து லைபீரியாவில் மட்டும் 4,800-க்கும் மேல் இறந்தார்களே, அப்போது பேரல் நிறையக் கையுறையும் ப்ளீச்சிங் பவுடரும் அனுப்பினாராம்.

கார்த்தி: வெளிநாடுகளில் இருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஆப்பிரிக்க ஒன்றியம் கண்டத்தின் ஆறாவது பிராந்தியம் என்றே சொல்கிறதாம் அக்கா.

செல்வி அக்கா: சொல்கிறது. ஆனால் இவர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் லைபீரியக் குடியுரிமை தானாகப் போய்விடும் என்று ஊரில் 1973 சட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் பணம் வேண்டும், அவர்கள் வேண்டாம். 2020-இல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து அதுவும் தோற்று, கடைசியில் ஜார்ஜ் வியா, அந்த ஃபுட்பால்காரர், அதிபராக இருந்தபோது 2022-இல்தான் இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டம் வந்தது. இங்கேயும் போராட்டம், அங்கேயும் போராட்டம். இதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

முரளி சித்தப்பா: இப்போது என்ன உதவி கேட்கிறார்?

செல்வி அக்கா: அவர் எதுவும் கேட்கவில்லை சித்தப்பா, நான்தான் கேட்கிறேன். அவருடைய ஊர்க்காரர்கள் சேர்ந்து அங்கே ஒரு கிளினிக்கின் பிரசவ அறைக்கு சோலார் விளக்கும் பேட்டரியும் போடுகிறார்கள். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்க்கிறார்களாம். நான் 200 டாலர் கொடுக்கிறேன். சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பணம் அனுப்புவதுதான் உலகத்திலேயே அதிகச் செலவு, 200 டாலருக்குச் சராசரியாக 8 சதவீதம் போலக் கட்டணத்திலேயே போகிறது. இதில் 2026 ஜனவரியிலிருந்து ரொக்கமாகக் கட்டி அனுப்பினால் 1 சதவீதம் அமெரிக்க வரி வேறு. அதனால் எல்லாருடையதையும் சேர்த்து ஒரே தடவையாக, வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

முரளி சித்தப்பா: நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே கூரை ஒழுகுகிறது என்று போன மாதம் நான் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செல்வி அக்கா: உண்மைதான். அதற்கும் அனுப்புகிறேன், தலைமையாசிரியரிடம் கணக்கு எண் வாங்கி இங்கே போடுங்கள். இருபது வருடமாக அவர்கள் செய்வதைப் பார்த்த பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

முரளி சித்தப்பா: சரி, என் பேரில் 5,000 ரூபாய் வைத்துக்கொள். உன் அம்மா கணக்கில் போட்டுவிடுகிறேன், நீ அங்கே டாலராகக் கொடுத்துவிடு.

அத்தை: நான் 2,000. பிரசவ அறை என்றதும் மனசு கேட்கவில்லை.

பெரியப்பா: செல்வி, நான் 10,000 தருகிறேன். அந்த ஊர்ச் சோற்றைத் தின்றவன் நான். மரவள்ளி இலையைக் குத்தி, பனை எண்ணெயில் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றித் தருவார்கள். நம்மைப் போலவே சோறு தின்னாவிட்டால் சாப்பிட்ட மாதிரி இருக்காது அவர்களுக்கு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பையன்களில் ஒருவனின் அம்மா மூன்று நாள் கஞ்சி கொண்டு வந்தாள். இன்னொன்று கேட்கட்டுமா மா?

செல்வி அக்கா: கேளுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: கடை வாசலில் நாங்கள் மூன்று பேரும் நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறது. பின்னால் அவர்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் காட்ட முடியுமா?

செல்வி அக்கா: கண்டிப்பாக. ஜூலை 26 அவர்கள் சுதந்திர தினம், இங்கே பார்க்கில் பெரிய கூட்டம் கூடும், மன்ரோவியாவின் பழைய ஆட்கள் எல்லாம் வருவார்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், அங்கே கொண்டுபோய் ஒவ்வொருவரிடமும் காட்டச் சொல்கிறேன்.

பெரியப்பா: மை மங்கிவிட்டது மா. போனில் எடுத்தால் தெரியவில்லை.

கார்த்தி: பெரியப்பா, ஆல்பத்தை எடுத்து வையுங்கள். காலையில் வந்து வாங்கிப்போய் ஸ்கேன் செய்துவிடுகிறேன்.