அறுப்பின் பண்டிகைக்குப் பந்தியா, பார்சலா?

பசுமலைத் தம்பி:
போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்த அறிவிப்பைக் கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் மூன்றாம் ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள், வழக்கம்போல் காணிக்கைப் பொருட்களைப் படைப்பது, அவற்றை ஏலம் விடுவது. டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், அப்புறம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், 31 இரவு உடன்படிக்கை ஆராதனை. இதெல்லாம் சரி. ஆனால் பண்டிகை அன்று மதியம் பந்தி கிடையாதாம். குடும்பத்துக்கு இத்தனை என்று டோக்கன் கொடுத்து பிரியாணிப் பொட்டலம் தரப் போகிறார்களாம். கறி விலை, மழை, ஆள் பற்றாக்குறை என்று மூன்று காரணம் வாசித்தார்கள்.

எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் முன் பெஞ்சுக் குடும்பமும் கடைசி பெஞ்சுக் குடும்பமும் முழங்கை இடிக்க ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மற்ற ஞாயிறுகளில் ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் பாதிப் பேர் வண்டியை எடுத்துவிடுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர்கூடத் தெரியாது. பொட்டலம் கொடுத்தால் பண்டிகை அன்றும் அதுதான் நடக்கும். பிரியாணி சாப்பிட ஊரில் கடையா இல்லை? வேறு என்ன நினைக்கிறீர்கள், எழுதுங்கள்.

கணக்கு நோட்டு:
தம்பி, நான் சபைக் கமிட்டியில் இருக்கிறேன், அந்த முடிவுக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. கறி மட்டுமா, பந்தல், மேஜை, இலை, சிலிண்டர், மாஸ்டர் கூலி, பாத்திரம் கழுவ ஆள். போன வருஷம் இரண்டாம் பந்தி நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வயசானவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட்டிகோவில் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற மாதத்தில் திறந்தவெளிப் பந்தி வைக்கிறோம் என்பதையே யாரும் யோசிப்பதில்லை.

இன்னொன்று. நம் சபையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இரண்டு பேர் இருக்கிறார்கள், உதவி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பந்தியில் மிச்சமாகும் பணம் அங்கே போகட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எழுந்து வர முடியாதவர்களுக்குப் பொட்டலம் வீட்டுக்கே போய்ச் சேரும், பந்தியில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? பவுல் 1 கொரிந்தியர் 11-ல் கேட்கிறாரே, புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று. கோயிலுக்கு வருவது ஆராதிக்க.

கொயர் அக்கா:
நான் பார்சல் கட்சி. காரணம் விலையும் இல்லை, மழையும் இல்லை.

பந்தி வேண்டும் என்று எழுதுகிற தம்பிமார்களில் எத்தனை பேர் சனிக்கிழமை ராத்திரி வெங்காயம் உரிக்க வந்தீர்கள்? பெண்கள் ஐக்கிய சங்கம்தான் உட்கார்ந்து உரிக்கிறது, பூண்டு, இஞ்சி, அரிசி புடைப்பது எல்லாம் நாங்கள். ஞாயிறு காலையில் கொயரில் நின்று பாடிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிமாறப் போகிறோம். முதல் பந்தி யாருக்கு? ஆயர், கமிட்டி, வெளியூர் விருந்தாளி, ஏலத்தில் பெரிய தொகை கேட்டவர்கள். கடைசிப் பந்தி பெண்களுக்கு. அந்த நேரத்தில் அண்டாவில் எலும்பும் குழம்பும்தான் இருக்கும், அதையும் நின்றுகொண்டு சாப்பிட்டுவிட்டு இலை எடுக்கப் போக வேண்டும். இதைத்தான் சமபந்தி என்கிறீர்களா? ஒரு வருஷமாவது நான் என் பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறேனே.

நெல்லைக்காரர்:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் அதற்கு மருந்து பந்தியை நிறுத்துவது கிடையாது. எங்கள் பக்கம் அசனம், அதாவது கோயில் விருந்து, என்றால் அடுப்புப் பக்கம் முழுக்க ஆண்கள்தான். விறகு பிளப்பதில் ஆரம்பித்துச் சோறு வடிக்கிறது வரை வாலிபர்களும் பெரியவர்களும் வரிந்து கட்டிக்கொண்டு நிற்பார்கள். வீடு வீடாக அரிசி, தேங்காய், பணம் என்று வாங்குவோம், கொடுக்க முடியாதவர் வீட்டில் ஒரு படி அரிசி வாங்கினாலும் வாங்கிவிடுவோம், அப்போதுதான் அவரும் தன் சாப்பாடு என்று வந்து உட்காருவார். கோயில் தெருவில் இருக்கிற மற்ற மதத்துக்காரர்களும் வருவார்கள், யாரும் யாரையும் டோக்கன் கேட்பதில்லை. மதுரைக்கு வேலைக்கு வந்து பல வருஷமாகிவிட்டது, இங்கே அறுப்பின் பண்டிகைப் பந்தி ஒன்றில்தான் எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது. அதையும் பொட்டலம் கட்டிவிடாதீர்கள்.

அரசரடிக்காரன்:
கணக்கு அண்ணே, நீங்கள் 22-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். அதே அதிகாரம் 33-ஐயும் வாசியுங்கள்: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." பவுல் கூடிச் சாப்பிடுவதைத் திட்டவில்லை. வசதியானவன் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்தான், அதைத் திட்டினார். கொயர் அக்கா சொல்கிற முதல் பந்திப் பிரச்சினையும் அப்படியே இதுதான்.

மதுரைக்காரர்கள் நாம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் ஊழியம் தொடங்கியது 1834-ல். சபைக்குள் வந்த பிறகும் சாதியை விடாமல் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள் நம் ஆட்கள். 1847-ல் மிஷன் கறாராக ஒரு முடிவெடுத்தது: சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்கள் உட்படப் பலர் விலக்கி வைக்கப்பட்டார்கள். அதாவது இந்த ஊர்ச் சபையில் சேர்ந்து சாப்பிடுவது வெறும் சாப்பாட்டு விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்கு ரொம்பப் பின்னால், நம் அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு அய்யா இருந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே உலை, எல்லாரும் கொண்டுவந்து ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவது. டோக்கனில் அது வராது.

கணக்கு நோட்டு:
தம்பி, வரலாறு சரி. ஆனால் பந்தியால் சாதி போயிற்றா, அதைச் சொல்லுங்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் வீட்டில் பெண் எடுக்கிறோமா? கிறிஸ்தவ மாத இதழ்களில் வரன் விளம்பரத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் சாதிப் பெயரோடுதான் வருகிறது. கல்லறைத் தோட்டத்துச் சண்டையைப் பற்றி நான் எழுதவே வேண்டாம். பந்தியிலும் அவரவர் சொந்தக்காரர்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வருஷத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, நாம் ஒன்று என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது. அதைவிட அந்தப் பணத்தில் ஒருவர் சிகிச்சை நடந்தால் அதில் உண்மை இருக்கிறது.

டிரம்ஸ் வாலிபன்:
நடுவில் ஒரு கேள்வி, கேரல் ரவுண்ட்ஸ் பற்றி யாரும் பேசவே இல்லையே. இந்த வருஷம் பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்கிறார்கள், இத்தனை வீடுகளை எப்படி முடிப்பது?

கொயர் அக்கா:
தம்பி, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதில் கமிட்டியைக் குறை சொல்லாதே. பத்துக்கு அப்புறம் கிட்டாரும் குரலும் போதும், நன்றாகவே இருக்கும். ஏரியாவை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளலாம். இதைத் தனியாகப் பேசுவோம்.

உசிலை மருமகள்:
நான் இங்கே எழுதுவது அபூர்வம். கணக்கு நோட்டு அண்ணன் கேட்டதற்காக எழுதுகிறேன்.

எங்கள் பாட்டி காட்டு வேலைக்குப் போனவர். வேலை பார்த்த வீட்டில் விசேஷம் என்றால் சாப்பாடு உண்டு, ஆனால் பின்வாசலில், பொட்டலமாக, தூக்குச்சட்டியில். உட்கார வைத்துப் போட மாட்டார்கள். அம்மா சின்னப் பிள்ளையாக அந்தத் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். நாங்கள் சபைக்கு வந்த பிறகு முதல் அறுப்பின் பண்டிகையில் அம்மாவை இலை போட்டு உட்கார வைத்தார்கள். ரசம் ஊற்ற வந்தவர் ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டு அம்மா. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா" என்று கேட்டாராம். எங்கள் அம்மா இதைப் பிரசங்கம்போல எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அண்ணே, பந்தியால் சாதி போகவில்லை, உண்மைதான். கல்யாணத்தில் போகவில்லை, கல்லறையில் போகவில்லை. அப்படியிருக்க, போன ஒரே இடத்தையும் ஏன் எடுக்கிறீர்கள்? பொட்டலம் வாங்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. கோயிலிலும் வரிசையில் நின்று பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றால், உங்களுக்கு அது வசதி, எங்களுக்கு அது வேறு.

ஏலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மஞ்சள் பூசணியை இரண்டு பெரிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போவதைக் கைதட்டிப் பார்க்கிறோம். வீட்டில் வளர்த்த கோழியைக் கொண்டுவந்து படைத்த பெண் அந்த விலைக்கு வாயைத் திறக்க முடியாது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு அங்கே நில் என்று யாக்கோபு 2-ல் இருப்பது நம்மைப் பற்றித்தான். ஏலத்தில் கேட்ட தொகைக்கும் முதல் பந்திக்கும் சம்பந்தம் இருக்கவே கூடாது.

பசுமலைத் தம்பி:
அக்கா, நான் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதுவும் என்னால் சொல்ல முடியாத அளவுக்கு. அறுவடையே இல்லாத நமக்கு ஏன் அறுப்பின் பண்டிகை என்று சில பேர் கேட்கிறார்கள். வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் இன்னும் நெல் விளைகிறது, சோழவந்தானிலிருந்து வாழைத்தார் வருகிறது, ஆனால் நம் சபையில் முக்கால்வாசி மாதச் சம்பளக்காரர்கள், மாட்டுத்தாவணியில் வாங்கிய காய்கறியைத்தான் பீடத்துக்கு முன்னால் அடுக்குகிறோம். உபாகமம் 16-ல் அறுவடைப் பண்டிகையைப் பற்றிச் சொல்லும்போது அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை எல்லாரோடும் சேர்ந்து சந்தோஷப்படு என்றுதான் இருக்கிறது. விளைச்சல் யாருடையதோ இருக்கட்டும், அந்தச் சேர்ந்திருப்பதையும் விட்டுவிட்டால் பண்டிகையில் என்ன மிச்சம்?

கணக்கு நோட்டு:
உசிலை மருமகள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பொட்டலம் என்பதை நான் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை, கமிட்டியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டயாலிசிஸ் கடிதம் இரண்டும் என் ஃபைலில் இருக்கிறது. பந்தியும் வேண்டும், உதவியும் வேண்டும் என்றால் பணம் எங்கிருந்து வரும்? சந்தா பாக்கியே நிறைய நிற்கிறது.

அரசரடிக்காரன்:
கறியை விட்டுவிடலாமே அண்ணே. சாம்பார், ரசம், ஒரு கூட்டு, அப்பளம், பாயசம். கறி விலை எங்கேயோ போய்விட்டது என்று நீங்களே சொன்னீர்கள். பந்தலுக்குப் பதில் ஞாயிறு பள்ளி ஹாலையும் போர்ட்டிகோவையும் எடுத்துக்கொண்டு நான்கைந்து பந்தியாகப் பிரித்தால் மழைப் பயமும் இல்லை.

நெல்லைக்காரர்:
கறி இல்லாமல் அசனமா? தம்பி, சாம்பார் என்று அறிவித்தால் கூட்டம் பாதியாகும், அதுவும் வசதியானவர்கள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள். கடைசியில் ஏழைகள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் அன்னதானமாகிவிடும், மருமகள் சொன்ன அதே வலிக்குத்தான் திரும்பப் போகும். கறி வேண்டும். வீட்டுக்கு வீடு கேளுங்கள், கொடுப்பார்கள். நான் எங்கள் தெருவுக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

கொயர் அக்கா:
மருமகள், உங்கள் அம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஞாயிறு விசாரிக்கிறேன். நீங்கள் எழுதியதற்கு எதிராக என்னால் பேச முடியாது. ஆனாலும் என் கோரிக்கையிலிருந்து நான் இறங்க மாட்டேன். பந்தி நடக்கட்டும். உரிப்பதும் நறுக்குவதும் வாலிபர் சங்கமும் கமிட்டி ஆண்களும். பெண்கள், வயசானவர்கள், பிள்ளைகள் முதல் பந்தி. ஆயரும் கமிட்டியும் கடைசிப் பந்தி, அதற்கு முன்னால் அவர்கள் பரிமாற வேண்டும். இது பீடத்திலிருந்து ஆயர் வாயால் அறிவிப்பாக வர வேண்டும். பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் ஞாயிறு மதியம் பழைய கதைதான் நடக்கும், நாங்கள்தான் வாளியைத் தூக்குவோம். இதற்குச் சம்மதம் என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் பேசுகிறேன். இல்லையென்றால் நாங்கள் யாரும் சமையலறைப் பக்கம் வர மாட்டோம்.

பசுமலைத் தம்பி:
சம்மதம் அக்கா. சனிக்கிழமை இரவு வெங்காயத்துக்கு வாலிபர் சங்கத்தில் நான் பெயர் எடுக்கிறேன், டிரம்ஸ் வாலிபன் உட்பட.

டிரம்ஸ் வாலிபன்:
வருகிறேன் அண்ணே.

கணக்கு நோட்டு:
கமிட்டி வரும் புதன்கிழமை கூடுகிறது. முடிவைத் திருத்த வேண்டும் என்றால் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், வாய்ப் பேச்சில் எடுக்க முடியாது. கடிதத்தில் கொயர் அக்காவின் நிபந்தனையும் இருக்கட்டும், ஏலத்தைப் பற்றி மருமகள் சொன்னதும் இருக்கட்டும். நான் கறியோடு ஒரு கணக்கு, கறி இல்லாமல் ஒரு கணக்கு எழுதிக்கொண்டு போகிறேன். சிகிச்சை உதவிக்கு முதலில் ஒரு தொகையை ஒதுக்காமல் பந்திக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது என்று அங்கேயும் சொல்வேன். அதில் நான் மாற மாட்டேன்.

உசிலை மருமகள்:
அதைக் கடிதத்தில் முதல் வரியாகவே எழுதுங்கள் அண்ணே. நானும் அம்மாவும் கையெழுத்துப் போடுகிறோம்.